6 இடங்களுக்குச் சரிந்த கட்சி 13 இடங்களுக்கு எழுந்தது எப்படி? சரவாக் எஸ்.யு.பி.பி. சொல்லும் பாடம்

சரவாக் மாநிலத்தின் முதல் அரசியல் கட்சியான சரவாக் ஐக்கிய மக்கள் கட்சி (எஸ்.யு.பி.பி.) 2011 ஏப்ரலில் நடைபெற்ற மாநிலத் தேர்தலில் 19 இடங்களில் போட்டியிட்டு 6 இடங்களில் மட்டுமே வென்றது. கட்சித் தலைவரும் துணை முதலமைச்சருமான டான்ஸ்ரீ டாக்டர் ஜார்ஜ் சான் தமது பியாசாவ் தொகுதியிலேயே தோல்வி கண்டார். அடுத்த மூன்று ஆண்டுகளில் கட்சி இரண்டாக உடைந்தது.

ஆனால், 2021 டிசம்பர் தேர்தலில் அதே கட்சி 18 இடங்களில் போட்டியிட்டு 13 இடங்களைக் கைப்பற்றியது. பத்து ஆண்டுகளில் இந்த மாற்றம் எப்படி வந்தது?

இந்தக் கேள்வி சரவாக் மக்களுக்கு மட்டும் உரியதன்று. பெரிய கூட்டணியில் இளைய பங்காளியாக இருக்கும் ஒவ்வொரு கட்சிக்கும் இதே சிக்கல் உண்டு. கூட்டணியில் ஒரு கட்சி வைத்திருக்கும் இடங்களின் எண்ணிக்கையே அமைச்சரவையில் அதன் குரலைத் தீர்மானிக்கிறது. உட்கட்சிச் சண்டையால் இடங்கள் பறிபோகும்போது, அக்கட்சியை நம்பியிருக்கும் சமூகத்தின் குரலும் சேர்ந்தே குறைந்துபோகிறது. ம.இ.கா.வின் அண்மைக்கால வரலாற்றை அறிந்த வாசகர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

எதிர்க்கட்சியாகத் தொடங்கிய கட்சி

எஸ்.யு.பி.பி. 1959 ஜூன் 4ஆம் நாள் கூச்சிங்கில் தொடங்கப்பட்டது. ஓங் கீ ஹுய் அதன் முதல் தலைவர். ஸ்டீபன் யோங் பொதுச் செயலாளர். உறுப்பினர்களில் சீனர்களே பெரும்பான்மையினர் என்றாலும், பிடாயு, ஈபான் மக்களும் இதில் இருந்தனர். மலேசியா உருவாவதைத் தொடக்கத்தில் எதிர்த்த இடதுசாரிக் கட்சி என்றே அது அறியப்பட்டது.

1970 மாநிலத் தேர்தலில் 48 இடங்களில் 12 இடங்களை வென்றபின் அதன் பாதை மாறியது. எதிர்க்கட்சி வரிசையை விட்டு ஆளும் கூட்டணியில் சேர்ந்தது. அப்போதிருந்து சரவாக் நகர்ப்புறச் சீன வாக்காளர்களின் பிரதிநிதி என்ற இடம் அதற்கு அரசாங்கத்துக்குள் கிடைத்தது. பின்னர் தேசிய முன்னணியின் உறுப்புக் கட்சிகளில் ஒன்றானது.

அந்த இடம் ஒரே நாளில் பறிபோய்விடவில்லை. 2006 மாநிலத் தேர்தலில் 19 இடங்களில் 11 இடங்களே கிடைத்தன. 2010 மே மாதம் நடந்த சிபு நாடாளுமன்ற இடைத்தேர்தலில், தான் வைத்திருந்த தொகுதியை 398 வாக்குகளில் ஜனநாயகச் செயல் கட்சியிடம் (ஜ.செ.க.) இழந்தது. 2011இல் ஜ.செ.க. 12 இடங்களை வென்றது. முதலமைச்சர் அப்துல் தாயிப் மாமுட் 1981 முதல் பதவியில் நீடித்ததன் மீதான அதிருப்தி, நிலக் குத்தகைப் புதுப்பிப்புச் சிக்கல், ஆளும் கூட்டணியின் மூத்த கட்சியை எதிர்த்துப் பேசத் தயங்குகிறது என்ற பெயர் ஆகிய மூன்றும் எஸ்.யு.பி.பி.யின் தலையில் விழுந்தன.

ஜார்ஜ் சான் 1996 முதல் வகித்துவந்த துணை முதலமைச்சர் பதவியும் அந்தத் தோல்வியோடு கட்சியின் கையைவிட்டுப் போனது. அப்பதவி எஸ்.யு.பி.பி.க்கு மீண்டும் கிடைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சண்டை கிளையில் தொடங்கியது

தோல்விக்குப் பிறகு ஜார்ஜ் சான் விலக, அடுத்த தலைவர் யார் என்ற போட்டி எழுந்தது. மிரி நாடாளுமன்ற உறுப்பினரும் அப்போதைய கூட்டரசு அமைச்சருமான பீட்டர் சின் ஒரு பக்கம். சிபு வட்டாரத்தில் செல்வாக்குப் பெற்ற மாநில அமைச்சர் வோங் சூன் கோ மறுபக்கம்.

இந்த மோதல் முதலில் வெடித்தது மேடையில் அன்று, கிளைத் தேர்தல்களில்தான். காரணம் எளிது. கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பது பேராளர் மாநாடு. அந்தப் பேராளர்களை அனுப்புவது கிளைகள். ஆகவே, எந்தக் கிளை யார் கையில் இருக்கிறது, அதன் உறுப்பினர் பட்டியல் சரியானதா, கூட்டம் விதிப்படி கூட்டப்பட்டதா என்பதே தலைமைப் போட்டியின் முடிவைத் தீர்மானிக்கிறது. சில கிளைகளின் தேர்தல்கள் செல்லாது என்ற புகார்கள் சங்கங்களின் பதிவிலாகாவரை சென்றன. 2011 டிசம்பரில் நடந்த பேராளர் மாநாட்டை வோங் அணியினர் புறக்கணித்தனர். பீட்டர் சின் தலைவரானார். மாநாடு முடிந்தாலும் பிளவு முடியவில்லை.

பதிவிலாகா ஏன் நுழைகிறது?

மலேசியாவில் அரசியல் கட்சிகளும் 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற சங்கங்களே. கோயில் நிர்வாகம், சமூகநல மன்றம் ஆகியவற்றைப் போலவே கட்சிகளும் தங்கள் சட்டவிதிகளின்படி நடக்க வேண்டும். இல்லையேல் பதிவே பறிபோகலாம்.

இதற்குப் பெரிய உதாரணம் அம்னோ. 1987இல் டாக்டர் மகாதீர் 761 வாக்குகளும் துங்கு ரசாலி 718 வாக்குகளும் பெற்ற தலைவர் தேர்தலுக்குப் பின் வழக்குத் தொடரப்பட்டது. பதிவு பெறாத கிளைகள் தேர்தல் நடைமுறையில் பங்கேற்றிருந்ததால், 1988 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அம்னோவையே சட்டவிரோதச் சங்கம் என அறிவித்தது. நாட்டின் மிகப் பெரிய கட்சியைச் சில கிளைகளின் பதிவுக் குறை கவிழ்த்தது.

அதன்பின் 1990இல் சங்கங்கள் சட்டத்தில் 18சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கட்சி விவகாரங்களில் கட்சி எடுக்கும் முடிவே இறுதியானது, அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது அப்பிரிவு. இதனால் உட்கட்சிப் பூசலில் தோற்ற அணிக்கு இருக்கும் வழிகள் குறைவு. பதிவிலாகாவிடம் முறையிடலாம், பொறுத்துக்கொண்டு அடுத்த கட்சித் தேர்தலுக்குக் காத்திருக்கலாம், அல்லது வெளியேறிப் புதிய கட்சி தொடங்கலாம்.

வோங் சூன் கோ அணி இறுதியில் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது.

உடைந்த வீடும் ஒரே கூரையும்

அதற்கு முன் இன்னோர் அடி விழுந்தது. 2008 பொதுத் தேர்தலில் 7 நாடாளுமன்றத் தொகுதிகளில் 6 தொகுதிகளை வென்ற எஸ்.யு.பி.பி., 2013இல் செரியான் என்ற ஒரே தொகுதியோடு நின்றது.

2014இல் வோங் அணியினர் வெளியேறி யு.பி.பி. என்ற புதிய கட்சியைத் தொடங்கினர். 2011இல் தப்பிய 6 சட்டமன்ற உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் அவருடன் சென்றனர். விசித்திரம் என்னவென்றால், அவர்கள் கட்சியை விட்டார்களே தவிர அரசாங்கத்தை விடவில்லை. வோங் மாநில அமைச்சராகவே தொடர்ந்தார். ஒரே அரசாங்கத்துக்குள் ஒரே தொகுதிகளுக்கு உரிமை கோரும் இரண்டு கட்சிகள் உட்கார்ந்திருந்தன.

அந்த ஆண்டில்தான் தாயிப் மாமுட் பதவி விலகி அட்னான் சாத்தேம் முதலமைச்சரானார். 2016 தேர்தல் நெருங்கியபோது, பிரிந்து சென்ற கட்சிகளைச் சேர்ந்தவர்கள் தங்கள் கட்சிகளிலிருந்து விலகி, தேசிய முன்னணியின் நேரடி வேட்பாளர்களாக நிற்கலாம் என்ற ஏற்பாட்டை அவர் கொண்டுவந்தார். வழக்கமாக 19 இடங்களில் நின்ற எஸ்.யு.பி.பி.க்கு 13 இடங்களே ஒதுக்கப்பட்டன. உறுப்பினர்கள் கொதித்தனர். ஆனால் தலைமை அதை ஏற்றுக்கொண்டு களத்தில் இறங்கியது.

மீட்சிக்கு வழிவகுத்தவை

2014இல் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் சிம் குய் ஹியான். இதய நோய் நிபுணரான அவர் 2011இல் பெண்டிங் தொகுதியில் நின்று தோற்றவர். தலைவரானபோது அவரிடம் சட்டமன்ற இடமோ அமைச்சர் பதவியோ இல்லை. பழைய தலைமுறையின் பதவிப் போட்டியில் அவர் முக்கியப் பங்காளியும் இல்லை. இரு தரப்பிலும் களைத்துப் போயிருந்த தொண்டர்களுக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டார்.

2016 தேர்தலில் அவர் பத்து காவா தொகுதியை ஜ.செ.க.விடமிருந்து கைப்பற்றினார். பியாசாவ் தொகுதியும் கட்சிக்குத் திரும்பியது. 13 இடங்களில் 7 கிடைத்தன. எண்ணிக்கை சிறியது. எனினும், 19இல் 6 என்ற நிலையிலிருந்து 13இல் 7 என்பது, நின்ற இடங்களில் பாதிக்கு மேல் வெல்ல முடியும் என்ற நம்பிக்கையைத் தந்தது. குறைந்த இடங்களில் நின்றதால் கட்சி தன் ஆள்பலத்தைச் சிதறவிடாமல் பயன்படுத்தவும் முடிந்தது.

2018 பொதுத் தேர்தலில் தேசிய முன்னணி ஆட்சியை இழந்ததும், சரவாக்கின் நான்கு ஆளும் கட்சிகள் அதிலிருந்து விலகி, ஜூன் மாதம் சரவாக் கட்சிகள் கூட்டணியை (ஜி.பி.எஸ்.) அமைத்தன. கோலாலம்பூர் தலைமையின் பெயரைச் சுமக்க வேண்டிய கட்டாயம் எஸ்.யு.பி.பி.க்கு அத்தோடு தீர்ந்தது. 1963 மலேசிய ஒப்பந்தத்தின் உரிமைகள், மாநிலத்தின் தன்னாட்சி ஆகியவை முழக்கங்களாயின. நகர வாக்காளர்களிடம் பேச அதற்குச் சொந்த மொழி ஒன்று கிடைத்தது.

இதற்கிடையில் பழைய பிளவும் ஒரு முடிவுக்கு வந்தது. யு.பி.பி. தன் பெயரைப் பார்ட்டி சரவாக் பெர்சத்து (பி.எஸ்.பி.) என மாற்றிக்கொண்டது. 2019இல் வோங் அமைச்சரவையிலிருந்து விலக, அக்கட்சி எதிர்க்கட்சியானது. எஸ்.யு.பி.பி.யின் பழைய தொகுதிகளுக்கு ஆளும் கூட்டணியின் பெயரில் உரிமை கோர அவர்களால் இனி முடியவில்லை. அதனால்தான் 2021இல் எஸ்.யு.பி.பி. மீண்டும் 18 இடங்களில் நிற்க முடிந்தது.

முழு வெற்றியா?

13 இடங்கள் என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கோவிட் காலத்தில் நடந்த 2021 தேர்தலில் சுமார் 60 விழுக்காட்டினரே வாக்களித்தனர். எதிர்க்கட்சிகளின் வாக்குகள் சிதறின. கூட்டரசில் 22 மாதங்களில் கவிழ்ந்த பக்காத்தான் ஹராப்பான் ஆட்சியின் மீது நகர வாக்காளர்களுக்கு ஏமாற்றம் இருந்தது. ஜ.செ.க.வுக்குப் பாடுங்கான், பெண்டிங் என 2 இடங்களே மிஞ்சின.

நாடாளுமன்றத் தேர்தல் வேறு கதை சொல்கிறது. 2018இல் ஸ்தம்பின் தொகுதியில் நின்ற டாக்டர் சிம் தோற்றார். கட்சிக்குக் கிடைத்தது 1 தொகுதி. 2022இல் செரியான், சரிக்கை என 2 தொகுதிகள். கூச்சிங், சிபு, மிரி நகரத் தொகுதிகள் இன்னும் திரும்பவில்லை. மாநில அரசாங்கத்தில் தங்களுக்கு ஒரு குரல் வேண்டும் என நினைக்கும் அதே வாக்காளர்கள், நாடாளுமன்றத்துக்கு வேறு ஆளை அனுப்புகிறார்கள்.

பழைய சிக்கலும் முற்றாக மறையவில்லை. எஸ்.யு.பி.பி. நீண்டகாலம் தனதெனக் கருதிய டுடோங் தொகுதியை 2021இல் கூட்டணியின் இன்னோர் உறுப்புக் கட்சியான பி.டி.பி. பெற்று வென்றது. பின்னாளில் பி.எஸ்.பி. கலைந்து, அதன் உறுப்பினர்களில் பலர் அதே பி.டி.பி.யில் சேர்ந்தனர். 2014இல் வாசல் வழியே வெளியேறியவர்கள் பக்கத்து வீட்டின் வழியாக அதே வளாகத்துக்குள் திரும்பியிருக்கிறார்கள். மாநிலச் சட்டமன்ற இடங்களை 82இலிருந்து 99ஆக உயர்த்தும் மசோதா 2025இல் சரவாக் சட்டமன்றத்தில் நிறைவேறியது. புதிய 17 இடங்கள் யாருக்கு என்ற பேச்சு தொடங்கும்போது, மீட்சி எவ்வளவு உறுதியானது என்பது தெரியவரும்.

தீபகற்பத்துக்கும் பொருந்துமா?

ம.இ.கா. கடந்த பாதையும் ஏறக்குறைய இதுவே. 2013 கட்சித் தேர்தல் குறித்த புகார்கள் பதிவிலாகாவுக்குச் சென்றன, மறுதேர்தல் உத்தரவு வந்தது, வழக்கு நடந்தது, 2015இல் டத்தோஸ்ரீ ஜி. பழனிவேல் தலைமையை இழக்க, டாக்டர் எஸ். சுப்பிரமணியம் பொறுப்பேற்றார். சண்டையில் ஓர் அணி வென்றது. ஆனால் 2013இல் 4 நாடாளுமன்ற இடங்களை வைத்திருந்த கட்சி 2022இல் தாப்பா என்ற ஒரே இடத்தோடு நிற்கிறது.

இரண்டுக்கும் முக்கிய வேறுபாடு ஒன்று உண்டு. எஸ்.யு.பி.பி.க்குச் சீன வாக்காளர்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதிகள் இருக்கின்றன. இழந்ததை அங்கேயே உழைத்து மீட்கலாம். இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகவே ம.இ.கா.வோ, இந்தியர்களை நம்பி இயங்கும் வேறு எந்தக் கட்சியோ ஒருமுறை உடைந்தால், அதை ஒட்டவைப்பது இன்னும் கடினம்.

எனினும், சரவாக் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை உண்டு. உட்கட்சிப் போட்டியில் வென்றதை மக்கள் ஆதரவாக எஸ்.யு.பி.பி. கணக்கிட முடியவில்லை, 2011 மாநாட்டில் வென்ற அணியே 2013இல் ஒரு தொகுதிக்குச் சுருங்கியது. குறைவாகக் கிடைத்த இடங்களை ஏற்று அவற்றில் உழைத்தபோதுதான் முன்னேற்றம் வந்தது. பதவிச் சண்டையில் ஈடுபடாத ஒருவருக்கு வழிவிட்டதும் உதவியது.

உறுப்பினர்களைப் பொறுத்தவரை பாடம் இன்னும் எளிது. கிளையின் ஆண்டுக் கூட்டம் முறையாக நடக்கிறதா, உறுப்பினர் பட்டியலில் இருப்பவர்கள் உண்மையான உறுப்பினர்கள்தாமா, கணக்கறிக்கை உரிய காலத்தில் பதிவிலாகாவுக்கு அனுப்பப்படுகிறதா என்று கேட்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். அம்னோவில் வழக்குக்கும் எஸ்.யு.பி.பி.யில் பிளவுக்கும் வழிவிட்டது அந்தச் சிறிய இடத்தில் ஏற்பட்ட கோளாறுதான்.