கோளாறு கண்ணாடியிலா, கண்ணிலா?

காலையில் பத்திரிகை வந்ததும் பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டுகிறார். ஒரு பக்கம் ஏறி நிற்கிறது. மறு பக்கம் கன்னத்தில் தொங்குகிறது. காதருகே கறுப்பு நூல் சுற்றியிருக்கிறது. பல வீடுகளில் காணும் காட்சி இது.

இந்தப் பழுதுகளில் சிலவற்றை வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் சரி செய்து விடலாம். சிலவற்றில் கை வைக்கவே கூடாது.

எள்ளளவு திருகாணி

காதில் மாட்டும் கம்பியைப் பிரேமோடு சேர்ப்பது ஒரு சின்னத் திருகாணி. மடக்கி விரிக்க விரிக்க அது கழலும். கம்பி ஆடத் தொடங்கியதுமே முறுக்கி விட வேண்டும். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் சிறு திருப்புளி போதும். கத்தி முனை வேண்டாம்; திருகாணியின் தலை சிதைந்து விடும். கீழே வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்துக் கொள்ளுங்கள். தரையில் விழுந்தால் தேட வேண்டும், அதுவும் கண்ணாடி இல்லாமல்!

திருகாணி தொலைந்து விட்டதா? கடைக்குப் போகும் வரை அந்தத் துளையில் கெட்டியான நூலைக் கோத்துக் கட்டலாம். குண்டூசி குத்தக் கூடாது. பக்கத்திலேயே கண் இருக்கிறது.

கோணல் கண்ணாடி

கோணல் அழகுக்கு மட்டும் கேடு அல்ல. லென்ஸின் மையம் கருவிழிக்கு நேராக அமைய வேண்டும். பவர் அதிகமான கண்ணாடி விலகினால் தலை வலிக்கும். மேல் பாதி தூரத்துக்கும் கீழ்ப் பாதி படிப்பதற்கும் அமைந்த கண்ணாடி என்றால், மாடிப்படி இறங்கும்போது கால் தவறவும் கூடும்.

கண்ணாடியை மேஜை மீது வைத்துப் பார்ப்பார்கள் சிலர். எல்லாருக்கும் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஆகவே முகத்தில் மாட்டிப் பார்ப்பதே சரி. வலது பக்கம் ஏறியிருந்தால், வலது கம்பியைச் சிறிது மேல் நோக்கி வளைக்க வேண்டும். உலோகக் கம்பி விரலுக்கு வளையும். கனமான பிளாஸ்டிக் என்றால் கம்பியை மட்டும் அரை நிமிடம் வெந்நீரில் வைத்து, மெதுவாக வளைத்து, பச்சைத் தண்ணீரில் ஆற விடலாம். லென்ஸில் வெந்நீர் படக் கூடாது. வளையாவிட்டால் விட்டு விடுங்கள். முறிந்த பிரேமை நொடியில் ஒட்டும் பசையால் ஒட்டினால், அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியும். அது கடைக்காரர் வேலை.

வேட்டி முனையும் முந்தானையும்

இப்போது வரும் லென்ஸ்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். அவற்றின் மீது படியும் தூசியில் நுண்மணல் உண்டு. வேட்டி முனையாலோ முந்தானையாலோ தேய்த்தால் அந்த மணல் கீறி விடும். முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டி, பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கீறலைப் போக்கப் பற்பசை தேய்ப்பவர்கள் லென்ஸையே பாழாக்குகிறார்கள். கீறலுக்கு மருந்து கிடையாது. லென்ஸைத்தான் மாற்ற வேண்டும்.

துடைத்தும் மங்கலா?

“கண்ணாடியைக் கொஞ்சம் துடைச்சுக் கொடுப்பா” என்று பேரனிடம் நாளுக்கு நாலு முறை கேட்கும் பாட்டிகள் உண்டு. பேரன் சலித்துக் கொள்ளாமல் ஒரு காரியம் செய்ய வேண்டும். கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். லென்ஸ் சுத்தமாக இருக்கிறதா? அதை மாட்டி விட்டு, பாட்டியின் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவர்க் காலண்டரைப் பார்க்கச் சொல்லலாம். பிறகு அடுத்த கண். அப்போதும் மங்கல் என்றால் கோளாறு கண்ணில்தான்.

வயதானவர்களுக்குப் பெரும்பாலும் அது கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வெளுத்துப் போவதே புரை. எந்தத் துணியாலும் அதைத் துடைக்க முடியாது. ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும். மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்ந்ததே இந்தப் புரையை நீக்கித்தான். அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள்.

புரை மெல்ல வரும். பார்வை திடீரென்று மங்கினாலோ, மின்னல் வெட்டுவது போலவோ திரை விழுவது போலவோ தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைக் காட்ட வேண்டும். போகும்போது பழைய கண்ணாடியையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் என்ன பவர் என்று டாக்டர் பார்ப்பார்.