உங்களுக்குத் தெரியுமா? மழை புகாத ஜாக்கெட்டுக்குள்ளும் நனையலாம்!

விலை உயர்ந்த ரைடிங் ஜாக்கெட் மழையை முழுக்கத் தடுத்தாலும், எண்ணூர் கடற்கரைச் சாலையில் உள்ளே சட்டை நனைந்துவிடும். காரணம் வியர்வை. ஜாக்கெட்டின் நுண்துளைச் சவ்வு, உள்ளே ஈரம் மிகுந்து வெளியே குறைந்திருந்தால்தான் நீராவியை நன்றாக வெளியேற்றும். வடகிழக்குப் பருவமழையில் கடற்கரைக் காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும். ஆவிக்குப் போக்கிடம் ஏது?

• இத்தகைய சவ்வுகளில் ஒன்றான கோர்-டெக்ஸின் துளை, நீர்த்துளியைவிட சுமார் 20,000 மடங்கு சிறியது. நீராவி மூலக்கூறைவிட 700 மடங்கு பெரியது. இதற்கு அடிப்படையான பொருளை பாப் கோர் 1969-இல் கண்டறிந்தார்.

• வியர்வை ஆவி வெளியேற, நம் ஊருக்கு முதலில் பார்க்க வேண்டியது காற்றுவழி ஜிப்கள். ராயபுரம் வெயிலுக்கு வலைத்துணி ஜாக்கெட், மழைக்கு மேலே அணியும் தனி மழைக்கோட்டு: மலைப்பயணம் போகாதவருக்கு இந்த ஜோடியே மேல்.

• சவ்வு உள் லைனராக இருந்தால் வெளித்துணி தண்ணீர் குடித்துக் கனக்கும். வெளித்துணியோடு ஒட்டிய வகை சீக்கிரம் காயும், விலை கூடும்.

• மழை தடுத்தால் போதாது, விழுந்தாலும் காக்க வேண்டும். ரைடிங் உடைகளுக்கான ஐரோப்பிய இஎன் 17092 தரத்தில் ஏஏஏ உச்சம். அடுத்து ஏஏ, ஏ.

• துணி மிருதுவாக்கி ஊற்றித் துவைக்காதீர்கள். வெளித்துணியின் நீர்விலக்குப் பூச்சு கெடும்.