கேட்டு விற்றால் கெடாது

சென்ற மாதம் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், பிரித்த சோப்புப் பவுடர் பாக்கெட் ஒன்றை நமது மொத்தக் கடையில் திருப்பிக் கொடுத்தார். கறுப்புத் துணியெல்லாம் வெள்ளைத் திட்டு என்று வாடிக்கையாளர் சண்டை போட்டாராம். விசாரித்ததில், முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினில் கைத்துவையல் பவுடரை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். குறை சரக்கில் இல்லை. கேட்காமல் விற்ற நம்மிடமே.

கைத்துவையல் பவுடருக்கு நுரை அதிகம். நுரை மிஞ்சினால் துணி சரியாக உரசாது, அழுக்கு போகாது. அலசும்போது தூளும் முழுதாக நீங்காது. அந்தத் துணியைப் பவுடர் போடாமல் மறுபடி ஓட்டினால் திட்டு பெரும்பாலும் போய்விடும்.

மெஷினில் துணியைத் திணித்தாலும் இதே கதிதான். மேலே ஒரு சாண் இடம் விட வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் துணி விறைக்கும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் விடச் சொல்லலாம். புதுச் சாயத்துணியைத் தனியே போடவேண்டும். சாயம் ஒட்டிவிட்டால் காயவிடாமல் உடனே மறுபடி துவைக்க வேண்டும்.

ஆகவே வணிக நண்பர்களே, பாக்கெட்டை எடுக்குமுன், "கைத்துவையலா, மெஷினா? மேல்மூடியா, முன்கதவா?" என்று கேளுங்கள். ஒரு பாக்கெட்டின் லாபம் சில காசுதான். அந்த வீட்டின் மாதச் சாமான் பட்டியல் நம் கடையின் உயிர்.