மைசூர் மகாராஜாவின் பியானோ

திம்பம் மலைப்பாதை ஏறி ஆசனூரைக் கடந்து போனால் சாமராஜநகர். 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே பிறந்த சாமராஜ உடையாரின் பெயரை 1818-இல் அவர் மகன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் ஊருக்குச் சூட்டினார். அந்த வம்சத்தின் கடைசி மகாராஜா ஜயசாமராஜேந்திர உடையார், 'ஸ்ரீவித்யா' முத்திரையோடு 94 கீர்த்தனைகள் இயற்றியவர். தேர்ந்த பியானோ கலைஞரும்கூட. லண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியின் பட்டம் பெற்றவர்.

கீர்த்தனை இயற்றியவரைப் பியானோ எப்படி ஈர்த்தது? அதில் கமகத்துக்கு இடமே இல்லையே!

உள்ளே நடப்பதைப் பார்த்தால் புரியும். பியானோவுக்கு 88 கட்டைகள். ஒன்றை அழுத்தினால் நெம்புகோல்கள் வழியாக, கம்பளி போர்த்திய சிறு சுத்தியல் மேலெழும். கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது விரலின் பிடியிலிருந்து விடுபட்டுத் தானாகப் பாய்ந்து அடித்துத் திரும்பிவிடும். அதன்பின் விரல் எவ்வளவு அழுத்தினாலும் அந்த ஸ்வரத்தை அசைக்கவோ வளர்க்கவோ முடியாது. பிறந்த கணமே அது தேயத் தொடங்குகிறது. வாசிப்பவர் கையில் இருப்பது அடியின் வேகமும் நேரமும்தான்.

தேயும் ஸ்வரங்களைக் கோத்துப் பாட வைப்பதே பியானோ மேதையின் வித்தை. முந்தைய ஒலி எந்த அளவுக்குத் தேய்ந்ததோ, அதற்கு இணையாக அடுத்ததைத் தொடுகிறார். ஒரே கையில் சுண்டுவிரல் ராகத்தைப் பாட, மற்ற விரல்கள் மெல்ல ஒதுங்கிப் போகின்றன. வலப்பக்க மிதியை அழுத்தினால் கம்பிகளின் அதிர்வை அடக்கும் பட்டைகள் எல்லாம் விலகும். அடிக்காத கம்பிகளும் கூடவே அதிரும். பக்கவாத்தியம் இன்றி ஒருவரே முழுக் கச்சேரியும் செய்யும் வழக்கத்தை 1840 வாக்கில் நிலைநாட்டியவர் பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட். அந்தத் தனிமையில் துணைக்கு இருப்பவை இந்த நுணுக்கங்கள் மட்டுமே.

ரஷ்யாவை விட்டு வந்து லண்டனில் வறுமையில் வாழ்ந்த இசையமைப்பாளர் நிக்கோலாய் மெட்னரின் இசை மகாராஜாவை ஆட்கொண்டது. புகழ் அவரைக் கடந்து போயிருந்தது; மகாராஜா அவரைத் தேடிப் பிடித்து ஆதரித்ததை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அவர் பணம் கொடுக்க, மெட்னர் வாத்தியக் குழுவோடு பியானோ வாசிக்கும் தன் மூன்று கான்செர்டோக்களையும் பல தனிப் படைப்புகளையும் தானே வாசித்து எச்.எம்.வி. இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். மூன்றாம் கான்செர்டோவை மகாராஜாவுக்கே காணிக்கையாக்கினார். 1951-இல் மெட்னர் காலமானார்; பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. முதலில் தனிப் படைப்புகளைக் கேளுங்கள். வலக்கை ராகத்தை விட்டுவிட்டு, இடக்கை அடியில் என்ன சொல்கிறது என்று மட்டும் ஒருமுறை தொடர்ந்து பாருங்கள்.