கத்துகிறதா கார் ஹீட்டர் விசிறி? காது கொடுத்துக் கேளுங்கள்!

டில்லியில் மார்கழி பிறந்தால் நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். ஸ்வெட்டரும் மஃப்ளரும் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. காலையில் ஹீட்டர் விசிறியைப் போட்டதும் 'கிறீச்' என்றோ 'டக டக' என்றோ ஒரு சத்தம். கொஞ்ச தூரம் போனால் அடங்கும். மறுநாள் மீண்டும் கேட்கும். சத்தம் பொறுக்காமல் விசிறியை நிறுத்திவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு வண்டி ஓட்டுபவர்கள் நம்மில் பலர்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அந்த விசிறி குளிரைப் போக்க மட்டும் வைத்ததல்ல. காருக்குள் நாலு பேர் விடும் மூச்சின் ஈரம், குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்து திரை போட்டுவிடும். அந்தத் திரையை விலக்குவது விசிறிக் காற்றுதான். வெளியே பனிமூட்டம், உள்ளே கண்ணாடியில் மூட்டம், ஒரு கையில் துடைக்கும் துணி என்று ரிங் ரோடில் போவது வினையை விலைக்கு வாங்குவதாகும். ஆகவே விசிறியை நிறுத்தி வைக்காதீர்கள், சரிசெய்யுங்கள். பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலைதான்.

ரயில் பெட்டியின் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே பழுதைக் கண்டுபிடிக்கும் ஊழியர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரயில்வேயில் நாங்கள் கற்ற முதல் பாடம் அதுதான்: முதலில் காது, பிறகுதான் ஸ்பேனர்.

எஞ்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் திருப்பி, விசிறியை ஒவ்வொரு வேகமாகப் போட்டுப் பாருங்கள். வேகத்தோடு சத்தமும் கூடினால் குறை விசிறியில்தான். 'டக டக', 'சர சர' என்றால் உள்ளே சருகோ குச்சியோ சிக்கியிருக்கிறது. 'கிறீச்' என்று கத்தி, சூடானதும் அடங்கினால் மோட்டாரின் புஷ் எண்ணெய் வற்றிக் காய்ந்திருக்கிறது. 'கட கட' என்று டேஷ்போர்டே அதிர்ந்தால் ஸ்குரூ தளர்ந்திருக்கலாம், அல்லது சக்கரம் ஒரு பக்கம் கனத்திருக்கலாம். சத்தமே இல்லாமல், கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். வேகத்தைக் குறைக்கும் ரெஸிஸ்டர் போயிருக்கும்.

என் எதிர்வீட்டு நண்பரின் காருக்கு மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். கழற்றிப் பார்த்தபோது உள்ளே கிடந்தது ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகும் ஓர் அரசிலைக் காம்பும்! டில்லியின் சாலை மரங்கள் உதிர்ப்பதெல்லாம் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக உள்ளே போய்விடுகின்றன. காற்று வடிகட்டி இல்லாத பழைய வண்டிகளில் அவை நேராக விசிறியில் போய் விழும்.

கழற்றும் முறை இது. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை முதலில் எடுத்துவிடுங்கள். இடப்பக்கம் ஏர்பேக் உள்ள வண்டியானால் சில நிமிடங்கள் காத்திருங்கள். மஞ்சள் நிற ஒயர்களைத் தொடாதீர்கள். பெரும்பாலான சிறிய கார்களில் இடப்பக்க டேஷ்போர்டுக்கு அடியில், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் மோட்டார் இருக்கும். கனெக்டரின் பூட்டை அழுத்தி இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். மூன்று நான்கு ஸ்குரூக்களை எடுத்தால் மோட்டாரும், கூண்டு போன்ற பிளாஸ்டிக் சக்கரமும் ஒன்றாகக் கீழே இறங்கும். எடுத்த ஸ்குரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

சக்கரத்தின் இதழ்களுக்கு இடையிலுள்ள தூசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். இதழில் சிறிய உலோகக் கிளிப் இருந்தால் அதை அகற்றாதீர்கள். எடையைச் சமப்படுத்த வைத்தது அது. மேலே விசிறி இருந்த குழிக்குள்ளும் கையை விட்டுச் சருகுகளை எடுங்கள். எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு; கையுறை நல்லது.

இனி எண்ணெய். அச்சு புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. விசிறியைக் கையால் சுற்றிவிட்டு, எண்ணெய் ஊறச் சற்று நேரம் கொடுங்கள். அதிகம் விட்டால் கார்பன் பிரஷ்ஷில் இறங்கி மோட்டாரையே கெடுத்துவிடும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. குளியலறைப் புட்டியில் உறைவது புஷ்ஷிலும் உறையாதா?

சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். நன்றாக ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. எண்ணெய் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அப்போது மோட்டாரை மாற்றுவதே சரி. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு காஷ்மீரி கேட் கடைகளுக்குப் போனால் பொருத்தமானதைப் பார்த்து வாங்கலாம்.

கருகிய வாடை வந்தால் உடனே நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அடிக்கடி ஃப்யூஸ் போகிறது என்று அதிக ஆம்பியர் ஃப்யூஸ் போடுவது தீயை வரவழைப்பதாகும். மூடிய கராஜுக்குள் எஞ்ஜினை ஓடவிட்டு ஹீட்டரைச் சோதிக்கவும் வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

விசிறி சரியான பிறகும் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடியில் மூட்டம் படிந்தால் உள்காற்றையே சுற்றவிடாமல், வெளிக்காற்று வரும்படி நெம்புகோலை மாற்றிக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். ஏ.சி. இருந்தால் அதையும் சேர்த்துப் போடலாம். காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். வண்டியை மரத்தடியில் நிறுத்துபவர்கள் தினமும் காலையில் சல்லடை மேலிருக்கும் இலைகளைத் துடைத்தெடுத்தாலே பாதித் தொல்லை தீர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் போதும். வளர்ந்த பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் பிடிக்கவும் ஆள் ஆயிற்று, அவர்களுக்கும் ஒரு கைவேலை தெரிந்ததாயிற்று.