பட்டத்தின் விலையும் பணியின் மதிப்பும்

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் தம் மகளுடன் வீட்டுக்கு வந்திருந்தார். மகள் பி.காம். முடித்தவர். சந்தைப்படுத்தலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.பி.ஏ. படிப்பில் சேரத் தனியார் கல்லூரி ஒன்று இடம் தந்திருக்கிறது. இரண்டாண்டுக் கட்டணம் ஆறு லட்சம் ரூபாய். கல்விக் கடன் வாங்கலாம் என்கிறார்கள். "சேர்க்கலாமா, ஐயா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்கு முன் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

ஆறு லட்சத்தை ஆண்டுக்கு மூன்று லட்சமாக, 10 சதவீத வட்டிக்குப் பெறுவதாகக் கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால், வட்டி நிற்பதில்லை. அதற்குள் சேரும் தனிவட்டி 1.5 லட்சம். ஆகக் கடன் 7.5 லட்சம். அதை ஏழு ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 12,450 ரூபாய் வீதம், மொத்தம் சுமார் 10.46 லட்சம் கட்ட வேண்டும். படிக்கும் இரண்டாண்டுகளில் மாதம் 15,000 ரூபாய் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கக்கூடிய 3.6 லட்சமும் செலவுதான்; பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்கிறோம். கல்லூரி சொன்ன ஆறு லட்சம், 14 லட்சமாகிவிட்டது.

இதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது? கல்வி ஒருவரின் உற்பத்தித் திறனைக் கூட்டுகிறது. எனவே ஊதியம் உயர்கிறது என்றார் கேரி பெக்கர். 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். விண்ணப்பதாரரின் திறமையை முன்கூட்டியே அறிய முடியாத முதலாளிக்குப் பட்டம் ஓர் அடையாளக் குறியாகப் பயன்படுகிறது என்பது அவர் கருத்து. அவர் 2001இல் நோபல் பரிசு பெற்றது இத்தகைய ஆய்வுகளுக்காகத்தான்.

விற்பனையும் சந்தைப்படுத்தலும் பிரியும் இடம் இதுவே. விற்பனைப் பிரதிநிதியின் திறமை மாதந்தோறும் எண்ணாகத் தெரிந்துவிடுகிறது. இலக்கை எட்டினாரா என்பதுதான் கேள்வி. இரண்டாம் ஆண்டில் அவரது பட்டத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விளம்பரத் திட்டமிடல், சந்தை ஆய்வு, வணிகப் பெயர் மேலாண்மை போன்ற பணிகளில் விளைவு தெரிய ஆண்டுகள் ஆகும். அது யாரால் விளைந்தது என்பதும் தெளிவாகத் தெரியாது. ஆகவே அங்கே பட்டத்துக்கு, குறிப்பாகக் கல்லூரியின் பெயருக்கு, மதிப்பு அதிகம். பெரிய நிறுவனங்கள் இப்பணிகளுக்குச் சில குறிப்பிட்ட கல்லூரிகளுக்கே ஆள் தேடிச் செல்கின்றன. மற்ற கல்லூரிகளில் படித்தவர்கள் பலர், பி.காம். பட்டதாரி நேரடியாகச் சேரக்கூடிய அதே கள விற்பனைப் பணியில்தான் சேர்கிறார்கள். பட்டத்தில் இருப்பது சந்தைப்படுத்தல், கிடைப்பது விற்பனை.

அப்படி நேர்ந்தால் கணக்கு என்னவாகும்? வேலைக்குப் போன பி.காம். பட்டதாரி அதற்குள் 18,000 ரூபாய் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தவணை போக அதே தொகை கையில் நிற்க, எம்.பி.ஏ. பட்டதாரிக்கு 30,450 ரூபாய் ஊதியம் வேண்டும். அதற்குக் குறைந்தால், படித்தவர் படிக்காதவரைவிட ஏழை.

எனவே கல்லூரியிடம் கேட்க வேண்டியது, அதிகபட்ச ஊதியமோ சராசரியோ அன்று. பத்துப் பேரில் ஒன்பது பேர் 20,000 ரூபாயும் ஒருவர் 1,20,000 ரூபாயும் பெற்றால், சராசரி 30,000. ஆனால், அங்கே எவருமே 30,000 வாங்கவில்லை. ஊதியங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை ஊதியத்தைக் கேளுங்கள். எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன பதவி என்றும் கேளுங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் நிறுவனங்கள், வேலை பெற்றோரின் எண்ணிக்கையையும் இடைநிலை ஊதியத்தையும் வெளியிடுகின்றன. அவை நிறுவனங்களே தரும் தகவல்கள்தாம் என்றாலும், விளம்பரத் தாளைவிட மேல்.

வேறு வழிகளும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வை நன்கு எழுதினால், கட்டணம் மிகக் குறைவான அரசு நிறுவனங்களில் சேரலாம். இரண்டாண்டு களத்தில் பணிபுரிந்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற தொலைநிலைக் கல்வியிலும் படிக்கலாம். அப்பட்டமும் நேரடிப் பட்டத்துக்கு இணையானதே என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

நான் மேலாண்மைக் கல்விக்கு எதிரானவன் அல்லன். நல்ல கல்லூரியில் கடன் வாங்கிப் படிப்பதும் சிறந்த முதலீடாகலாம். ஆனால், அன்று அந்தப் பெண் கேட்ட கேள்வியை மறக்க முடியவில்லை: "வேலை கிடைக்காவிட்டால் அப்பாதானே கட்ட வேண்டும்?" ஆம். 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி பிணையம் கேட்பதில்லை என்றாலும், இணைக் கடனாளியாகத் தந்தையின் கையெழுத்து அதில் இருக்கும். கல்லூரியின் கையெழுத்து இருக்காது.

இருவரும் அந்தக் காகிதத்தை மடித்து எடுத்துச் சென்றார்கள். சேர்வதா வேண்டாமா என்பதைக் கல்லூரி தரும் பதில்களைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார்கள். அதுதான் சரியான வரிசை.