33 வயது ரொனால்டோவுக்கு 10 கோடி யூரோ... யுவென்டஸின் கணக்கு எங்கே தப்பியது?

2018, ஏப்ரல் 3. இத்தாலியின் டூரின் நகரில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. உள்ளூர் அணியான யுவென்டஸுக்கு எதிராக, ரியல் மாட்ரிட்டின் கிறிஸ்டியானோ ரொனால்டோ அந்தரத்தில் எழும்பி ஒரு பைசைக்கிள் கிக் அடித்தார். பந்து வலைக்குள். சொந்த அணி தோற்றுக்கொண்டிருந்த நேரத்திலும் யுவென்டஸ் ரசிகர்கள் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டினார்கள்.

அடுத்த மூன்று மாதங்களில் அந்த ரொனால்டோவையே யுவென்டஸ் விலைக்கு வாங்கிவிட்டது. விலை 10 கோடி யூரோ. இதர கட்டணங்கள் 1.2 கோடி யூரோ. இரண்டையும் சேர்த்தால், அன்றைய மதிப்பில் சுமார் 900 கோடி ரூபாய். ஒப்பந்தம் 4 ஆண்டுகளுக்கு. ரொனால்டோவுக்கு அப்போது வயது 33. முப்பதைத் தாண்டிய ஒரு கால்பந்து வீரருக்கு அதுவரை எந்த கிளப்பும் இவ்வளவு பணம் கொடுத்ததில்லை.

'இந்த வயதில் இவ்வளவு விலையா, உடம்பு தாங்குமா?' என்பதுதான் இப்படியான ஒப்பந்தங்களில் முதலில் எழும் கேள்வி. ரொனால்டோ விஷயத்தில் உடம்பு தாங்கியது. 3 சீசன்களில் 134 ஆட்டங்கள், 101 கோல்கள். பெரிய காயம் எதுவும் இல்லை. ஆனாலும், இந்த ஒப்பந்தம் யுவென்டஸுக்கு லாபமா என்று கேட்டால் தலையாட்டுபவர்கள் குறைவு. பயந்த ஆபத்து வரவே இல்லை. யாரும் பெரிதாக யோசிக்காத ஆபத்துகள்தான் வந்தன.

ஏன் வாங்கினார்கள்?

இத்தாலிய லீக்கை அப்போது தொடர்ந்து 7 முறை வென்றிருந்தது யுவென்டஸ். உள்நாட்டில் எதிர்க்க ஆளில்லை. ஆனால், ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை அது கடைசியாகத் தொட்டது 1996-ல். 2015-லும் 2017-லும் இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றது. 2017 இறுதியில் யுவென்டஸை வீழ்த்தியது ரியல் மாட்ரிட். அதில் 2 கோல்கள் அடித்தவர் ரொனால்டோ. 'நம்மை அடித்தவரை நம் பக்கமே கொண்டுவந்துவிட்டால்?' என்ற ஆசை வந்ததில் ஆச்சர்யம் இல்லை.

வியாபாரக் கணக்கும் இருந்தது. ரொனால்டோ வருகிறார் என்றதுமே யுவென்டஸின் பங்கு விலை எகிறியது. 2018 டிசம்பரில் அடிடாஸ் நிறுவனத்துடனான ஒப்பந்தம், 8 ஆண்டுகளுக்குக் குறைந்தபட்சம் 40.8 கோடி யூரோ என்று புதுப்பிக்கப்பட்டது. 'ஜெர்சி விற்ற பணத்திலேயே ரொனால்டோவின் விலையை எடுத்துவிடலாம்' என்று பலர் சொன்னது மட்டும் உண்மையில்லை. ஜெர்சி விற்பனையில் பெரும்பங்கு தயாரிக்கும் நிறுவனத்துக்குத்தான் போகும்.

கோல் மெஷின் வந்தது... கோல்கள் குறைந்தன!

ரொனால்டோ வருவதற்கு முந்தைய சீசனில், லீக்கின் 38 ஆட்டங்களில் யுவென்டஸ் அடித்த கோல்கள் 86. அவர் வந்த முதல் சீசனில் அது 70 ஆனது. அடுத்த இரண்டு சீசன்களில் 76, 77. உலகின் தலைசிறந்த கோல் அடிப்பவர் அணிக்கு வந்த பிறகு, அணியின் மொத்த கோல்கள் குறைந்துவிட்டன.

காரணம் புரியாத புதிர் இல்லை. 2017-18 சீசனில் டிபாலா 22 லீக் கோல்கள் அடித்திருந்தார். ஹிகுவெய்ன் 16. ரொனால்டோ வந்ததும் ஹிகுவெய்ன் ஏசி மிலனுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். டிபாலாவின் இடம் பின்னுக்குத் தள்ளப்பட, அடுத்த சீசனில் அவர் அடித்தது வெறும் 5. அந்த ஆண்டு ரொனால்டோ 21 கோல்கள் அடித்தார். ஒருவர் கணக்கில் ஏறியது, மற்றவர்கள் கணக்கில் இறங்கியது.

இன்னொரு பக்கமும் உண்டு. இன்றைய கால்பந்தில் பந்து எதிரணியிடம் போனதும் ஸ்ட்ரைக்கரும் ஓடி விரட்ட வேண்டும். முப்பதைத் தாண்டிய ஒரு சூப்பர் ஸ்டார், தன் ஓட்டத்தை கோல் அடிப்பதற்காகச் சேமித்துவைப்பார். அவர் ஓடாத ஓட்டத்தையும் சேர்த்து மற்றவர்கள் ஓட வேண்டும். ரொனால்டோவுக்கு முந்தைய சீசனில் யுவென்டஸ் வாங்கிய லீக் கோல்கள் 24. பிறகு 30, 43, 38.

புள்ளிப் பட்டியலைப் பாருங்கள். ரொனால்டோவுக்கு முன் 95 புள்ளிகள். வந்த பிறகு 90, 83, 78. முதல் இரண்டு ஆண்டுகள் லீக் கோப்பை கிடைத்தது. மூன்றாவது ஆண்டில் ரொனால்டோ 29 கோல்களுடன் லீக்கின் டாப் ஸ்கோரர். யுவென்டஸ் நான்காவது இடம். 9 ஆண்டு ஆதிக்கத்தை இன்டர் மிலன் முடித்துவைத்தது.

இந்தச் சரிவை ரொனால்டோ தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. அவர் வந்த அதே கோடையில் கோல்கீப்பர் பஃபோன் கிளம்பிவிட்டார். நடுக்களம் பலவீனமானது. 3 சீசன்களில் 3 பயிற்சியாளர்கள் மாறினார்கள். ஆனால், நடுக்களத்தைச் சீரமைக்கப் பணம் தேவைப்பட்டபோது, அதில் பெரும்பகுதி ஒரே வீரரிடம் முடங்கிக்கிடந்தது என்பதும் உண்மை.

7-க்கு 7

சரி, எதற்காக வாங்கினார்களோ அந்த சாம்பியன்ஸ் லீக் என்ன ஆனது?

2019 பிப்ரவரியில் அட்லெடிகோ மாட்ரிட்டிடம் முதல் ஆட்டத்தில் 0-2 என்று தோற்றது யுவென்டஸ். இரண்டாவது ஆட்டத்தில் ரொனால்டோ ஹாட்ரிக் அடித்து, தனி ஆளாக அணியைக் காலிறுதிக்கு இழுத்துவந்தார். 'கொடுத்த காசு வசூல்' என்று ரசிகர்கள் துள்ளிய இரவு அது. காலிறுதியில் அயாக்ஸுக்கு எதிராக இரு ஆட்டங்களிலும் தலா ஒரு கோல் அடித்தார். அணி வெளியேறியது. அடுத்த ஆண்டு லியோனுக்கு எதிராக 2 கோல்கள் அடித்தார். அப்போதும் அணி வெளியேறியது.

இந்த இரண்டு ஆண்டுகளின் நாக்-அவுட் ஆட்டங்களில் யுவென்டஸ் அடித்த மொத்த கோல்கள் 7. ஏழையும் அடித்தவர் ரொனால்டோ! வேறு ஒருவர்கூட ஒரு கோல் அடிக்கவில்லை. மூன்றாவது ஆண்டு போர்ட்டோவுக்கு எதிராக ரொனால்டோவால் கோல் அடிக்க முடியவில்லை. மற்றவர்கள் 4 கோல்கள் அடித்தும் வெளிமைதான கோல் விதியில் கதை முடிந்தது.

கணக்குப் புத்தகம் சொல்வது

ஒரு வீரரை வாங்கும் விலையை, கிளப்புகள் ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதும். 11.2 கோடி யூரோவை நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு 2.8 கோடி. இதன்மேல் சம்பளம். வரி போக ஆண்டுக்குச் சுமார் 3 கோடி யூரோ ரொனால்டோவின் கைக்குப் போனது. வரியையும் கிளப்தான் கட்ட வேண்டும் என்பதால், சம்பளச் செலவு மட்டுமே 5 கோடியைத் தாண்டும். ஆக, ஒரே வீரருக்கு ஆண்டுக்குச் சுமார் 8 கோடி யூரோ.

2020-ல் கொரோனா வந்து மைதானங்கள் மூடப்பட்டன. வருமானம் நின்றது. ஆனால் ஒப்பந்தம் நிற்கவில்லை. 2020-21 நிதியாண்டில் யுவென்டஸின் நஷ்டம் சுமார் 21 கோடி யூரோ. கொரோனாவை யாரும் கணித்திருக்க முடியாது. ஆனால், எதிர்பாராத அடி விழும்போது அவசரத்துக்கு விற்க ஒரு சொத்து இருக்கிறதா என்பதை முன்பே யோசிக்கலாம். வயதான நட்சத்திரம் அப்படி விற்கக்கூடிய சொத்து இல்லை.

இதற்கு யுவென்டஸிலேயே ஓர் ஒப்பீடு இருக்கிறது. அயாக்ஸ் அவர்களை வெளியேற்றிய ஆட்டத்தில் வெற்றி கோலை அடித்தவர், 19 வயது கேப்டன் டி லிக்ட். அந்தக் கோடையிலேயே அவரை 7.5 கோடி யூரோவுக்கு வாங்கியது யுவென்டஸ். 3 ஆண்டுகள் ஆடவைத்து, 6.7 கோடிக்கு பேயர்ன் மியூனிக்கிடம் விற்றது. போனஸ் தனி. ரொனால்டோவும் 3 ஆண்டுகள்தான் ஆடினார். 2021 ஆகஸ்ட்டில் மான்செஸ்டர் யுனைடெட் அவருக்குக் கொடுத்த விலை 1.5 கோடி யூரோ. அதுவும் 5 ஆண்டுத் தவணையில்!

யுனைடெட்டிலும் அதே கதைதான் நடந்தது. 2021-22 சீசனில் ரொனால்டோ 24 கோல்கள் அடித்து அணியின் டாப் ஸ்கோரர் ஆனார். ஆனால், அதற்கு முந்தைய சீசனில் 73 லீக் கோல்களுடன் இரண்டாம் இடம் பிடித்த அணி, 57 கோல்களுடன் ஆறாம் இடத்துக்கு இறங்கியது.

வயது மட்டுமா பிரச்னை?

இல்லை. அதற்கும் யுவென்டஸே சாட்சி. 2011-ல் 32 வயது பிர்லோவுக்கு ஏசி மிலன் ஓராண்டு ஒப்பந்தம்தான் தருவோம் என்றது. முப்பதைத் தாண்டியவர்களுக்கு அதுதான் அங்கே வழக்கம். யுவென்டஸ் அவரை டிரான்ஸ்ஃபர் தொகையே இல்லாமல் 3 ஆண்டுகளுக்கு எடுத்தது. அவர் ஆடிய 4 சீசன்களிலும் லீக் கோப்பை யுவென்டஸுக்குத்தான். வேகத்தை நம்பாமல் பாஸை நம்பி ஆடியவர் பிர்லோ. அணிக்கு இல்லாத ஒன்றைக் கொடுத்தார். இருந்த எவரையும் இடம்பெயர்க்கவில்லை.

2019 டிசம்பரில் அட்லான்டாவிடம் 0-5 என்று தோற்று நொந்துபோயிருந்தது மிலன். சில நாள்களில் 38 வயது ஸ்லாடன் இப்ராஹிமோவிச்சை அழைத்துவந்தது. டிரான்ஸ்ஃபர் தொகை இல்லை. ஒப்பந்தம் வெறும் 6 மாதங்களுக்கு. நன்றாக ஆடினால் நீட்டிப்பு. அவர் ஆடினார், ஓராண்டு, ஓராண்டாக நீட்டித்தார்கள். இளம் வீரர்கள் அவருக்குப் பக்கத்தில் வளர்ந்தார்கள். 2021-22-ல் முழங்கால் படுத்த, இப்ராஹிமோவிச் பல ஆட்டங்களுக்கு வெளியே இருந்தார். அதற்குள் லியாவோ போன்ற இளைஞர்கள் தயாராகியிருந்ததால், 11 ஆண்டுகளுக்குப் பிறகு மிலன் சாம்பியன் ஆனது.

யுவென்டஸ் நிலைமை இதற்கு நேரெதிர். ரொனால்டோ போன பிறகு அந்த இடத்தை நிரப்ப ஆள் வளரவில்லை. 2021 முதல் 2025 வரை நடந்த 5 சீசன்களில் ஒரு லீக் கோப்பைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆக, வயதான நட்சத்திரத்தை வாங்கும் கிளப் கேட்க வேண்டியது 'இவர் இன்னும் கோல் அடிப்பாரா?' என்பதை மட்டுமல்ல. இவருக்காக யாரை வெளியே அனுப்பப்போகிறோம்? இவர் ஓடாத ஓட்டத்தை யார் ஓடுவார்கள்? பாதியில் விலக நேர்ந்தால் எவ்வளவு திரும்பி வரும்? இவர் கிளம்பும் நாளில் நம்மிடம் யார் இருப்பார்கள்? இவற்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

யுவென்டஸுக்கு அந்தக் கணக்கு உடனே முடியவும் இல்லை. கொரோனா காலத்தில் தள்ளிவைத்த சம்பளத்தைக் கேட்டு ரொனால்டோ முறையிட, 97 லட்சம் யூரோவை அவருக்குக் கொடுக்கும்படி நடுவர் மன்றம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. அப்போது அவர் சவுதி அரேபியாவில், அல் நாசர் அணிக்காக கோல் அடித்துக்கொண்டிருந்தார்.